கட்டிலில் கழிந்த 26 ஆண்டுகள்
உலக சாம்பியன் எலீனா முகினாவின் வாழ்க்கை

1980-ம் ஆண்டு ஜூலை மாதம் 3-ந் தேதி.

சோவியத் நாட்டின் மின்ஸ்க் நகரில் ஒரு பெரிய விளையாட்டு மண்டபம். மாஸ்கோவில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்க இன்னும் 16 நாட்களே இருந்தன. சோவியத் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகள் இரவு பகலாகப் பயிற்சி செய்து கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி விரிப்பின் மூலையிலிருந்து ஓடி வந்தாள். துள்ளினாள். ஆகாயத்தில் சுழன்றாள். அடுத்த கணம் அவள் முகவாய் தரையில் மோதியது. கழுத்து முறிந்தது.

அந்தப் பெண் சாதாரணமானவள் அல்ல. உலக சாம்பியன்! வயது 20.

அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவே இல்லை. மேலும் 26 ஆண்டுகள் உயிரோடு இருந்தாள், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும்.

அவள் பெயர் எலீனா முகினா. இது ஒரு விபத்தின் கதை என்று பலர் நினைக்கிறார்கள். முழுவதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த வித்தை என் கழுத்தை ஒடித்துவிடும் என்று அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதைக் காதில் போட்டுக்கொள்ள யாரும் இல்லை.

பாட்டி வளர்த்த பெண்

எலீனா 1960-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி மாஸ்கோவில் பிறந்தாள். சிறு வயதிலேயே தாயை இழந்தாள். தகப்பனாரின் நிழலும் அவளுக்குக் கிட்டவில்லை. பாட்டி அன்னா இவானோவ்னாதான் அவளை வளர்த்தாள். அவளுக்குத் தாயும் தகப்பனும் அந்தப் பாட்டியே.

அந்தக் காலத்தில் சோவியத் நாட்டில் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பது வழக்கம். எலீனாவின் வகுப்புக்கும் அப்படி ஒருவர் வந்தார். ஜிம்னாஸ்டிக் கற்றுக்கொள்ள யாருக்கு விருப்பம் என்று கேட்டார். எலீனாவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அவள் மனதில் இருந்த ஆசையும் அதுதான்.

கூச்ச சுபாவம் உள்ள பெண் அவள். அதிகம் பேசமாட்டாள். சொன்னதைச் செய்வாள். எதிர்த்துப் பேசுவது என்பது அவளுக்குத் தெரியாது. ஆசிரியர்களுக்கு இப்படிப்பட்ட பிள்ளை கிடைத்தால் கசக்குமா? ஆனால் அந்த நல்ல குணமே பின்னால் அவளுக்கு எமனாக முடிந்தது.

புதிய ஆசிரியர்

எலீனா வளர்ந்து, ராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு வாய்த்த பயிற்சியாளர் மிகைல் கிளிமென்கோ.

கிளிமென்கோ அதுவரை ஆண்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தவர். அவருடைய சகோதரர் விக்டர் கிளிமென்கோ 1972-ம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஆண்கள் செய்யும் கடினமான வித்தைகளை ஒரு பெண்ணைக் கொண்டு செய்யவைத்தால் உலகமே திரும்பிப் பார்க்கும் என்று கிளிமென்கோ கணக்குப் போட்டார்.

காலமும் அதற்கு ஏற்றதாக இருந்தது. 1950-களில் பெண்கள் ஜிம்னாஸ்டிக் என்றால் நளினம், நடனம், நிதானம். சோவியத் வீராங்கனை லாரிஸா லாட்டினினா 1964-ம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கங்களை வாரியபோது அவருக்கு 29 வயது. ஒரு குழந்தைக்குத் தாய். 1970-களில் எல்லாம் தலைகீழாக மாறியது. 1976-ம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 14 வயதுச் சிறுமி நாடியா கோமானேச்சி பத்துக்குப் பத்து மார்க் வாங்கினாள். சோவியத் தலைவர்களுக்குத் தூக்கம் போயிற்று. நாடியாவை வெல்ல ஒரு பெண் வேண்டும். எப்படியாவது வேண்டும் என்று துடித்தார்கள்.

அந்தப் பெண்ணாக எலீனாவை உருவாக்கினார் கிளிமென்கோ.

பயிற்சி கடுமையாக இருந்தது. 1975-ம் ஆண்டிலேயே எலீனா தலைகீழாக விழுந்து கழுத்தில் காயம் அடைந்தாள். ஆஸ்பத்திரியில் கழுத்துப் பட்டை மாட்டிப் படுக்கவைத்தார்கள். டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போனதும் பயிற்சியாளர் வந்து தன்னை அழைத்துப் போவார் என்றும், பட்டையைக் கழற்றிவிட்டு மாலை வரை பயிற்சி செய்ததாகவும் அவள் பின்னாளில் சொன்னாள்.

முதல் எச்சரிக்கை மணி அடித்தது. கேட்பார் இல்லை.

உலகம் வியந்தது

1977-ம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் ஐரோப்பிய சாம்பியன் போட்டி நடந்தது. மொத்தப் புள்ளிகளில் நாடியா முதலிடம். எலீனா இரண்டாம் இடம். அதுவரை வெளிநாட்டில் யாருக்கும் தெரியாத பெண், தனித்தனிப் போட்டிகளிலும் தங்கங்களை அள்ளினாள்.

மறு ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ஸ்டிராஸ்பர்க் நகரில் உலகப் போட்டி. நாடியாவும் வந்திருந்தாள். சோவியத் நாட்டின் பெரிய வீராங்கனை நெல்லி கிம்மும் இருந்தாள். 18 வயது எலீனா எல்லோரையும் மிஞ்சி உலக சாம்பியன் ஆனாள். நாடியாவுக்கு நாலாவது இடம்தான் கிடைத்தது.

தரைப் பயிற்சியில் அவள் செய்து காட்டிய ஒரு வித்தையைக் கண்டு ஜனங்கள் வாய் பிளந்தார்கள். பின்புறமாக இரண்டு அந்தர்பல்டி. அதற்கு நடுவே உடம்பை ஒரு முழுச் சுற்றுத் திருகுவது. அதுவரை பெண்கள் எவரும் செய்யாதது. அந்த வித்தைக்கு அவள் பெயரே சூட்டப்பட்டது. இன்றும் விதிப் புத்தகத்தில் அது முகினாதான்.

அதே ஸ்டிராஸ்பர்க் போட்டியில், ஆண்கள் தரைப் பயிற்சியில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் கர்ட் தாமஸ். அவர் பெயராலும் ஒரு வித்தை உண்டு. அந்த வித்தைதான் எலீனாவின் வாழ்க்கையை முடித்துவைக்கப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

கால் ஒடிந்தது

1979-ம் ஆண்டு இலையுதிர் காலம். இங்கிலாந்தில் காட்சி ஆட்டம் ஆடியபோது எலீனாவின் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட் வொர்த் நகரில் நடந்த உலகப் போட்டிக்கு அவளால் போக முடியவில்லை. அணிகளுக்கான தங்கத்தை ருமேனியா தட்டிக்கொண்டு போய்விட்டது.

சோவியத் விளையாட்டு அதிகாரிகள் பதறிப் போனார்கள். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் சொந்த ஊரான மாஸ்கோவில் நடக்கப் போகிறது. சொந்த வீட்டில் தோற்பதா? கௌரவம் என்ன ஆவது?

எலீனாவின் எலும்போ சரியாகக் கூடவில்லை. மறுபடி ஆபரேஷன் செய்ய நேர்ந்தது. ஆனாலும் அவளைச் சீக்கிரம் களத்தில் இறக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக் கிடந்ததால் உடம்பில் எடை கூடியிருந்தது. கால் பலம் இழந்திருந்தது. எடையைக் குறைக்க ஓட்டம். இழந்த வித்தைகளைத் திரும்பப் பெற ஓயாத பயிற்சி. அவள் களைத்துச் சோர்ந்தாள்.

இந்த நிலையில்தான் தாமஸ் கரணத்தை அவள் ஆட்டத்தில் சேர்த்தார் கிளிமென்கோ.

ஆபத்தான கரணம்

தாமஸ் கரணம் என்பது என்ன? வாசகர்களுக்கு அதை விளக்கிச் சொன்னால்தான் அதில் உள்ள ஆபத்து விளங்கும்.

சாதாரண அந்தர்பல்டியில் ஆட்டக்காரர் ஆகாயத்தில் சுற்றிவிட்டுக் காலால் தரையில் இறங்குகிறார். சுற்றுக் கொஞ்சம் குறைந்து போனால் முழங்காலில் விழுவார். அல்லது கையை ஊன்றுவார். அடிபடும், உயிருக்கு மோசம் வருவது அபூர்வம்.

தாமஸ் கரணம் அப்படி அல்ல. ஓடி வந்து பின்புறமாக எழும்பி, ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்ற வேண்டும். அதோடு உடம்பை ஒன்றரைச் சுற்றுத் திருக வேண்டும். கடைசியில் காலால் இறங்குவது கிடையாது. தலையைக் கவிழ்த்து, கையைத் தொட்டும் தொடாமலும் ஊன்றி, முதுகின் மேல்பாகத்தால் தரையில் உருண்டு எழ வேண்டும். அதாவது, தரையை நோக்கி முதலில் வருவதே தலைதான்! உயரம் ஒரு சாண் குறைந்தாலும், சுற்று ஒரு கணம் தாமதித்தாலும், முகவாயோ பிடரியோ தரையில் மோதும். உடம்பின் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும்.

இதற்கு முதல் தேவை என்ன? எழும்பும் காலில் பலம். எலீனாவிடம் அப்போது இல்லாதது அதுதான்.

இந்த வித்தை தனக்குச் சரிப்படவில்லை என்பது எலீனாவுக்குத் தெரிந்திருந்தது. இதனால் கழுத்து முறியும் என்று பயிற்சியாளரிடம் பல தடவை அவள் சொல்லியிருக்கிறாள். உன்னைப் போன்றவர்களுக்குக் கழுத்து முறியாது என்பதுதான் அவர் கொடுத்த பதில் என்று அவள் பின்னாளில் நினைவு கூர்ந்தாள். தரையில் விழுந்து கிடப்பது போன்ற காட்சி அடிக்கடி தன் மனக்கண்ணில் தோன்றியதாகவும் சொன்னாள்.

அப்படியானால் முடியாது என்று மறுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கேட்பது சுலபம். 14 வயதிலிருந்து ஒருவர் சொல்லுக்கு ஆடிப் பழகிய பெண். ஊருக்கு ஊர் பயிற்சி முகாம். வீட்டுக்கு வருவது எப்போதாவது. அணியில் இடம், மானியம், பாட்டியின் பெருமை எல்லாம் பயிற்சியாளர் கையில். அவருக்கு மேலே அணித் தலைமை. அதற்கு மேலே விளையாட்டுக் குழு. அதற்கும் மேலே சர்க்கார். எல்லோருக்கும் வேண்டியது பதக்கம் ஒன்றுதான். அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

அந்த நாள்

மின்ஸ்க் முகாமில் அன்று கிளிமென்கோ இல்லை. அணி விஷயமாக மாஸ்கோவுக்குப் போயிருந்தார். பயிற்சி மட்டும் நிற்கவில்லை. மண்டபத்தில் மற்றப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். நிறுத்து, உன் கால் இன்னும் தேறவில்லை என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

எலீனா ஓடினாள். எழும்பினாள். பலம் இழந்த கால் வேண்டிய உயரத்தைக் கொடுக்கவில்லை. சுற்று முடிவதற்குள் தரை வந்துவிட்டது. கழுத்து முள்ளெலும்பு முறிந்து, அதனுள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கியது. கையும் காலும் அந்த விநாடியே செயல் இழந்தன.

தரையில் கிடந்தபோது அவள் மனதில் முதலில் எழுந்த எண்ணம் என்ன தெரியுமா? வலி அல்ல, பயம் அல்ல. அப்பாடா, இனி ஒலிம்பிக்குக்குப் போகவேண்டியதில்லை என்ற நிம்மதி! பல ஆண்டுகளுக்குப் பிறகு அவளே இதை வெளியிட்டாள். ஓர் உலக சாம்பியன், ஒலிம்பிக்கிலிருந்து தப்பியதற்காக ஆறுதல் அடைகிறாள் என்றால், அதற்கு முன் அவள் பட்ட பாடு எவ்வளவு இருக்கும்!

மூடி மறைத்தார்கள்

மாஸ்கோவில் ஜூலை 19-ந் தேதி ஒலிம்பிக் கோலாகலமாகத் தொடங்கியது. சோவியத் பெண்கள் அணி தங்கம் வென்றது. தனிநபர் தங்கத்தை எலீனா டவிடோவா என்ற மற்றொரு சோவியத் பெண் வென்றாள். நாடியாவுக்கு வெள்ளிதான். அதிகாரிகள் விரும்பியது நடந்துவிட்டது.

முகினா எங்கே?

கேட்டவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. காயம் என்று மட்டும் சொன்னார்கள். எவ்வளவு பெரிய காயம், எப்படி ஏற்பட்டது, யார் பொறுப்பு என்பதெல்லாம் திரை போட்டு மூடப்பட்டன. பயிற்சியாளர் இல்லாத நேரத்தில் அவளே துணிந்து செய்துகொண்ட வினை என்ற பேச்சும் பரவியது. அடிபட்டவள் பேச முடியாமல் கிடக்க, பழி அவள் தலையிலேயே விழுந்தது.

உண்மை தெரியாத ரசிகர்கள், மறுபடி எப்போது ஆட வருவாய் என்று அவளுக்குக் கடிதம் எழுதினார்கள். கை விரலைக்கூட அசைக்க முடியாதவளுக்கு இப்படிக் கடிதங்கள்! அந்த ரசிகர்கள் மேல் அவள் கோபப்படவில்லை. எலும்பு முறிந்தவனும் திரும்ப மைதானத்துக்கு வருவான் என்ற வீரக் கதைகளையே ஊட்டி வளர்க்கப்பட்ட ஜனங்கள் வேறு எப்படி எழுதுவார்கள் என்றுதான் அவள் வருந்தினாள்.

பட்டங்களுக்குக் குறைவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச் அவளுக்கு ஒலிம்பிக் விருது வழங்கினார். சோவியத் சர்க்காரும் கௌரவித்தது. மார்பில் குத்த விருது கொடுத்தார்கள். யார் செய்த தவறு என்று ஆராய்ந்து ஊரறியச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

யார் குற்றம்?

1980-களின் கடைசியில் சோவியத் நாட்டில் பேச்சுச் சுதந்திரத்துக்குக் கொஞ்சம் வழி பிறந்தது. அப்போது எலீனா பத்திரிகைக்கு மனம் திறந்து பேசினாள்.

அவள் தன் பயிற்சியாளரைத் திட்டித் தீர்க்கவில்லை. தன் பேரிலும் குற்றம் உண்டு என்றாள். நம்பியவர்களுக்கு ஏமாற்றம் தரக்கூடாது, வீராங்கனை என்ற பெயர் வாங்கவேண்டும் என்ற ஆசைதான் தன்னையும் ஆட்டி வைத்தது என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னாள். நாட்டின் கௌரவத்துக்கு முன் ஒரு மனிதரின் உடம்பு பெரிதல்ல என்று எல்லோருக்கும் போதிக்கப்பட்டிருந்தது. அந்தப் போதனை இருக்கும் வரை இப்படி ஒரு விபத்து நடந்தே தீரும் என்றாள்.

இது பழிவாங்கும் பேச்சு அல்ல. நோயாளியே தன் நோய்க்குக் காரணம் கண்டு சொன்ன பேச்சு. கிளிமென்கோ ஒருவரை மட்டும் கொடியவராக்கிவிட்டு மற்றவர்கள் கை கழுவிவிடலாம். ஒடிந்த கால் கூடவில்லை என்று தெரிந்தும் அனுமதி கொடுத்தவர்கள் யார்? பதக்கக் கணக்கை மட்டும் கேட்டுவிட்டு, காயக் கணக்கைக் கேட்காதவர்கள் யார்? நடந்த பிறகு வாயை மூடிக்கொண்டவர்கள் யார்? அவர்களுக்குப் பங்கில்லையா?

கடைசி நாட்கள்

மாஸ்கோவில் ஒரு வீட்டில் எலீனாவின் நாட்கள் நகர்ந்தன. பேத்தியைத் தூக்கி வளர்த்த பாட்டி, வயதான காலத்தில் மறுபடியும் அவளைக் குழந்தை போல் பார்த்துக்கொண்டாள். சோறு ஊட்டுவது முதல் எல்லாமே பாட்டிதான். பின்னால், கூட ஆடிய பழைய தோழி ஒருத்தியும் துணைக்கு வந்தாள்.

எலீனா தன்னைக் கண்டு யாரும் இரக்கப்படுவதை விரும்பவில்லை. உலகம் மறந்தது, அவளும் உலகத்தைத் தொந்தரவு செய்யவில்லை.

2006-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி அவள் உயிர் பிரிந்தது. அப்போது வயது 46. காலால் நடந்தது 20 ஆண்டு. படுத்துக் கிடந்தது 26 ஆண்டு.

மாறியது என்ன?

அவள் பட்ட துன்பம் முழுவதும் வீண்போகவில்லை. தாமஸ் கரணம் போல் தலையால் உருண்டு இறங்கும் வித்தைகள் பெண்களுக்குத் தடை செய்யப்பட்டன. பிற்காலத்தில் ஆண்களுக்கும் தடை வந்தது. போட்டியில் கலந்துகொள்ளும் பெண்களின் குறைந்தபட்ச வயது 1981-ம் ஆண்டில் 15 ஆகவும், 1997-ல் 16 ஆகவும் உயர்ந்தது.

ஆனால் இது சோவியத் நாட்டின் நோய் மட்டும் அல்ல. 1988-ம் ஆண்டு டோக்கியோவில் ஜூலிசா கோமெஸ் என்ற அமெரிக்கச் சிறுமி, குதிரை தாண்டும் பயிற்சியில் பலகையில் கால் தவறி விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டாள். அந்தத் தாண்டலில் அவள் தடுமாறுகிறாள் என்பதைக் கூட இருந்தவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். 1991-ம் ஆண்டு, 18 வயதில் அவள் இறந்தாள். அதன் பிறகே பலகையைச் சுற்றி மெத்தை போடும் வழக்கம் பரவியது.

2018-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் டாக்டர் லாரி நாசர், சிறுமிகளைப் பலாத்காரம் செய்த குற்றத்துக்காக நீண்டகாலச் சிறைத்தண்டனை அடைந்தான். 150-க்கு மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் நின்று தங்கள் துன்பத்தைச் சொன்னார்கள். பல ஆண்டுகளாகப் புகார் வந்தும் மேலே இருந்தவர்கள் பாராமுகமாக இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் சங்கத்தின் நிர்வாகக் குழு முழுவதும் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. மின்ஸ்க் மண்டபத்தில் இருந்த அதே மௌனம்தான் இங்கேயும் குற்றவாளிக்குத் துணை நின்றது.

ஒரு பெண் மறுத்தாள்

2021-ம் ஆண்டு ஜூலை மாதம், டோக்கியோ ஒலிம்பிக். நாசரின் கொடுமைக்கு ஆளானவர்களில் ஒருத்தியான அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், அணிப் போட்டியில் ஒரு முறை தாண்டினாள். ஆகாயத்தில் தன் உடம்பு எங்கே இருக்கிறது, தரை எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவளுக்குத் தப்பிவிட்டது. உடனே ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டாள்.

ஏசியவர்கள் உண்டு. கோழை என்றவர்களும் உண்டு. அமெரிக்க அணிக்குத் தங்கம் தவறி வெள்ளி கிடைத்தது. ஆனால் சிமோன் தன் காலால் நடந்து வெளியே வந்தாள். மூன்று ஆண்டு கழித்து, 2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களும் ஒரு வெள்ளியும் வென்றாள்.

முடியாது என்ற ஒரு சொல். சிமோன் சொன்னாள்; அவளோடு இருந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். எலீனாவும் சொன்னாள். அவளோடு இருந்தவர்கள் கேட்கவில்லை. இருவருக்கும் உள்ள வித்தியாசம் தைரியத்தில் இல்லை. சுற்றி இருந்தவர்களிடம் இருக்கிறது.

பிள்ளைகளை ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அனுப்பும் பெற்றோர்கள் எங்கும் இருக்கிறார்கள். கோப்பையோடு வரும் பிள்ளையைக் கட்டி அணைக்கிறோம். வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று வரும் பிள்ளையை என்ன செய்கிறோம்? வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், போ என்று திருப்பி அனுப்புகிறோமா, அல்லது உட்காரவைத்துக் கேட்கிறோமா?

எலீனா முகினாவின் பெயர் இன்றும் விதிப் புத்தகத்தில் ஒரு வித்தையாக இருக்கிறது. ஆகாயத்தில் இரண்டு சுற்று, நடுவே ஒரு திருகல். அதைச் செய்துவிட்டுக் காலால் தரையில் இறங்கி நிற்கும் ஒவ்வொரு பெண்ணும், காலால் நிற்க முடியாமல் போன அந்தப் பெண்ணின் பெயரைத்தான் சுமக்கிறாள்.